மிளகாய்த் தோணி

பொட்டலாறு என்று ஓர் ஆறு இருப்பதாகத் தாலுகா ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் நீலக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அந்த நீலத்தைத் தவிர அதில் ஈரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. மேற்கே கரட்டு மலையடியில் புறப்பட்டு, செம்மணலிலும் உடைமரக் காட்டிலும் வளைந்து வளைந்து, கிழக்கே சங்குமுனையில் கடலைத் தொடுகிற வரைக்கும் அது வெறும் மணல், பகலில் காலை வைத்தால் கொப்பளிக்கிற மணல், காற்றடித்தால் எழுந்து ஊருக்குள் வந்து சோற்றில் உட்காருகிற மணல். கள்ளிக்குட்டத்தில் பிறந்து கள்ளிக்குட்டத்திலேயே வாக்கப்பட்டு நாற்பத்தெட்டு வயதாகிற நான் அதில் தண்ணீர் ஓடிப் பார்த்ததில்லை, எங்கள் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு தோணி இருந்தது.

எங்கேயோ ஒரு பட்டணத்தில் வெள்ளம் புகுந்து ஜனங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்ற வருஷம், ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் ஊருக்கொரு படகு கொடுப்பது என்று மேலிடத்தில் முடிவாகி, பட்டியலில் எங்கள் ஊர்ப் பேரும் இருந்ததால், ஒரு லாரி வந்து நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் ஒடுங்கலான ஆரஞ்சு நிறப் படகை ஐயனார் கோயில் முன்னால் இறக்கிவிட்டுப் போனது. காகிதத்தில் அதற்குக் கனோ என்று பேர். எங்களுக்குத் தோணி. வலிய வருகிற சீதேவியை யார் காலால் உதைப்பார்கள்? காயவைத்த குண்டு மிளகாயைக் கொட்டி மூடி வைக்க அதைப்போல் ஒரு பாத்திரம் கிடைக்காது என்று ஊர் கண்டுபிடித்தது. பத்தொன்பது வருஷ மிளகாய் கிடந்து கிடந்து தோணியின் உடம்பெல்லாம் காரம் ஊறிவிட்டது, பக்கத்தில் போனாலே தும்மல் வரும்.

கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை, வருஷா வருஷம் புரட்டாசியில் வெள்ள ஒத்திகை நடத்த வேண்டும் என்று ஓர் உத்தரவும் கூடவே வந்தது. அதனால் அந்த ஒரு நாள் மிளகாயை அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டு, தோணியை ஆற்று மணலில் இழுத்துப் போட்டு, மீட்புக்குழு நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, வருவாய் ஆய்வாளர் செல்போனை எடுத்ததும் துடுப்பால் மணலை வலிப்போம். மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் உதறி, காப்பாத்துங்க என்று கத்த ஓர் ஆள் தனியாக உண்டு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. மற்ற ஊர்களில் தேர் இழுக்கிறார்கள், நாங்கள் தோணி வலித்தோம்.

முன்னால் ஆடு மேய்க்கிற இருளப்பண்ணன். அவருக்குப் பின்னால் நான், சந்தனமாரி, நூறு நாள் வேலையில் பேர் கூப்பிடுகிறவள், குழுவில் ஒரு பெண் கட்டாயம் என்று உத்தரவில் இருந்ததால் சேர்க்கப்பட்டவள். எனக்குப் பின்னால் பஞ்சர் கடை ஜமால் பாய். கடைசியில் தலையாரி பூவலிங்கம், எது நடந்தாலும் நோட்டில் எழுதாவிட்டால் அது நடக்கவில்லை என்று நினைக்கிற மனுஷன். பத்தொன்பது வருஷம் ஒரே தோணியில் உட்கார்ந்தால் ஒட்டி உறவாடுகிற சொந்தக்காரர்களுக்குள்ளும் வராத நெருக்கம் வந்துவிடுகிறது. இருளப்பண்ணன் முகத்தைவிட அவர் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த முதுகு இரண்டரை வருஷமாக ஓர் இடத்தில் நிலைகொள்ளவில்லை. மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக அவர் வளர்த்த மகள் சுகப்பிரியா, சங்குமுனையில் தையல் வேலைக்குப் போன இடத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிற ரெக்ஸனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். செய்தி வந்த அன்று இருளப்பண்ணன் ஐயனார் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஊர் கேட்கச் சத்தியம் பண்ணினார்: "பொட்டலாத்துல தண்ணி வந்து, அந்தத் தண்ணியில நான் போனாத்தான் அவ வாசல மிதிப்பேன். அதுக்கு முன்னால மிதிச்சா என் காலு விளங்காமப் போகட்டும்." எங்கள் பக்கம் சூடம் அணைத்த சத்தியத்தைக் கோர்ட்டுத் தீர்ப்புகூட மாற்ற முடியாது. பொட்டலாற்றில் தண்ணீர் என்பது குதிரைக்கொம்பு என்று தெரிந்துதான் சொன்னார், சொல்லிவிட்ட மறுநாளிலிருந்து உட்கார முடியாமல் போனார். சாப்பிடுவது நின்றுகொண்டே, பேசுவது நடந்துகொண்டே. அவர் பின்னால் நடந்து நடந்து ஆடுகள்கூட இளைத்துப்போயின, பாவம், அதுகள் யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை பஸ் ஏறிச் சங்குமுனைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன், இரண்டு மணி நேரப் பயணம். போகும்போதெல்லாம் அப்பா எப்போது வருவார் என்றுதான் கேட்பாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், தாய்வீடு இருந்தும் கூட்டிப்போக ஆள் இல்லை. டாக்டர் சொன்ன தேதி வெள்ளிக்கிழமை. இதை அவரிடம் சொல்ல நான் எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், அவள் பேரின் முதல் எழுத்து வருவதற்குள் எழுந்து நடந்துவிடுவார்.

அந்த வருஷத்து ஒத்திகை அதே வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல ஏறி உட்கார்ந்தோம், வழக்கம்போலத் தும்மினோம், ஆய்வாளர் செல்போனைத் தூக்கினார், துடுப்பைப் போட்டோம். துடுப்பு மணலில் உரசவில்லை, சளக்கென்று இறங்கியது. தோணியைச் சுற்றி ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு, இடுப்பளவு ஆழத்தில், பழுப்புத் தண்ணீர் நின்றது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எப்போதும்போல மணல். தோணி நகர்ந்தது, தண்ணீரும் கூடவே நகர்ந்தது, விட்டுவந்த இடம் அடுத்த கணமே உலர்ந்தது. மணலில் படுத்துக் கத்திக்கொண்டிருந்தவன் நனைந்து எழுந்து, "ஏப்பா, சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? பையில பீடி இருக்கு" என்று கோபித்துக்கொண்டான். தோணி வேகமாகப் போவதால் படம் கலங்குகிறது என்று ஆய்வாளர் குறைப்பட்டார், பிறகு ஒத்திகை திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இருளப்பண்ணன் துடுப்பை நிறுத்தவில்லை.

"அண்ணே, போதும். போட்டோ எடுத்தாச்சு."

"மாரி, இது ஆத்துத் தண்ணிதானே?"

"ஆத்துலதான் கிடக்கு."

"அப்பச் சரி" என்றார், முதுகு முன்னால் சாய்ந்தது. நாங்கள் மூன்று பேரும் இறங்கியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷம் வலித்தும் ஒரு முழம் நகராத தோணி நகரும்போது யாருக்கு இறங்க மனசு வரும்? ஊர் கரையோடு கூடவே ஓடிவந்தது. ஜமால் பாய் சம்சாரம் அரிசியும் சட்டியும் கட்டிய மூட்டையைத் தூக்கிப் போட்டார், என் வீட்டுக்காரர் வெற்றிலைப் பையை எறிந்தார், ஒருத்தி சங்குமுனையில் நல்ல நெத்திலிக் கருவாடு கிடைக்கும், வரும்போது வாங்கிவா என்றாள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சூடம் அணைத்தபோது எல்லோரும் அங்கேதானே நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தண்ணீரின் குணம் எங்களுக்குப் பிடிபட்டது. வலித்துக்கொண்டே இருந்தால் அது குறையாது, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் நின்றால் மணல் உறிஞ்ச ஆரம்பிக்கும், ஒரு குடம் அள்ளினால் ஒரு குடம் குறைந்ததுதான், திரும்ப ஊறாது. தலையாரி தன் துடுப்பில் சாக்பீஸால் கோடு கிழித்து மட்டம் பார்த்து நோட்டில் எழுதினார். ஆகவே நிற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது, அப்போதுதான் கடல்வரை போய்ச் சேரலாம். இரவில் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூங்கினோம், இருளப்பண்ணன் மட்டும் கண்ணை மூடவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பனிச்சங்குடி வந்தது. தள்ளுவண்டியில் ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளியிருக்கும் ஊற்றுக்குப் புறப்பட்ட பெண்கள் எங்களைப் பார்த்ததும் வண்டியை அப்படியே ஆற்றுக்குள் திருப்பினார்கள். என்ன மாயம், யார் கொண்டுவந்தது என்ற விசாரணையெல்லாம் அவர்களுக்கு இல்லை. குடிக்க ஆகுமா, துவைக்க மட்டும்தானா என்று கேட்டார்கள். ஒருத்தி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, தும்மிவிட்டு, "மிளகா வாடை அடிக்கி. குழம்புக்கு ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னாள். தோணி நிற்காது என்று கண்டதும் கூடவே நடந்து நடந்து அள்ளினார்கள், ஒருத்தி நிறைத்து விலகியதும் அடுத்தவள் வந்தாள், வரிசை தப்பவில்லை, சண்டையில்லை, இப்படி நகர்ந்து போகிற கிணற்றில் தண்ணீர் எடுத்துத்தான் அவர்கள் பாட்டி காலத்திலிருந்து பழக்கம் என்று நினைக்கும்படி இருந்தது.

"அள்ளாதீக தாயி" என்று இருளப்பண்ணன் கெஞ்சினார், பிறகு கத்தினார்.

"ஆறு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றாள் ஒருத்தி, நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றியபடி.

தலையாரியின் துடுப்பில் மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது.

மதியம் வந்த தொல்லை அதைவிடப் பெரியது. வடகரையில் ஓர் ஊர், தென்கரையில் ஓர் ஊர், இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷமாகத் தண்ணீர் வராத ஆறு. ஆனால் வந்தால் யாருக்கு எத்தனை நாழிகை என்பதற்கு முறை உண்டு, அந்த முறையைக் கூவுவதற்கு நீர்க்கட்டி என்று ஒரு குடும்பமும் உண்டு. தாத்தா, அப்பா, இப்போது மகன் என்று மூன்று தலைமுறையாகக் கூவுவதற்கு ஒன்றுமில்லாமல் அந்தப் பதவியை விடாமல் வைத்திருந்த அந்த ஆள், வெள்ளை வேட்டி கட்டி, கம்பைத் தூக்கிக்கொண்டு, கண் கலங்க ஆற்றுக்குள் இறங்கி நின்றான். "வடகரை முறை!" என்று அவன் கூவினால் தோணி வடக்கே ஒதுங்க வேண்டும், "தென்கரை முறை!" என்றால் தெற்கே. எல்லையம்மன் மேல் ஆணை என்று இரண்டு கரையிலும் கம்போடு நின்றவர்களை மீறிப் போக எங்களுக்குத் தைரியமில்லை. இப்படிக் கரைக்குக் கரை மோதி மோதி, ஒரு மைல் போக வேண்டிய நேரத்தில் ஒரு கூப்பிடு தூரம்தான் போனோம். இருளப்பண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தார். அவன் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, ஊர் எல்லைவரை வந்து கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான்.

பொழுது சாய்கிற நேரம் பெரிய ரோட்டுப் பாலத்துக்கு அடியில் வந்தோம். பாலத்தின்மேல் சங்குமுனை பஸ் நின்றது, டிரைவருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. ஜன்னல் வழியாக ஜனங்கள் ஆற்றில் காசு போட்டுக் கும்பிட்டார்கள், ஒன்று ஜமால் பாய் மண்டையில் விழுந்தது. அப்போது படியில் தொங்கியபடி கண்டக்டர் அய்யாத்துரை, நல்ல மனுஷன், நாக்கில் மட்டும் எலும்பில்லாதவன், என்னைப் பார்த்துவிட்டான்.

"சந்தனமாரியக்கா! இந்த மாசம் பஸ்ஸுல காணோமேன்னு பாத்தேன், தோணியில போறீகளா? சுகாப் பொண்ணு நேத்துகூட ஸ்டாப்புல வந்து நின்னு, அத்தை வரலையான்னு கேட்டுச்சு. வயிறு இறங்கிருச்சுக்கா அதுக்கு. வெரசாப் போங்க."

பஸ் போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த முதுகு அசையாமல் நின்றது, இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக.

"இறங்கு மாரி" என்றார், திரும்பாமல்.

"மாப்ள, அவ இறங்குனா உத்தரவு செல்லாது. குழுவுல ஒரு பொம்பள இருக்கணும்" என்றார் ஜமால் பாய். தலையாரியும் ஆமாம், எழுதியிருக்கிறது என்றார். நான் இறங்கவில்லை. இறங்கச் சொன்னது வலித்தது, ஆனால் நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. தண்ணீர் மணலில் இறங்குகிற சத்தம் கேட்கவும் அவரே திரும்பத் துடுப்பைப் போட்டார். வெகுதூரம் தும்மிக்கொண்டே போனோம்.

"எத்தனை தடவ போன?" என்று கடைசியில் கேட்டார்.

"மாசம் ஒரு தடவ."

"வெறுங்கையோடவா?"

"உங்க வீட்டு மிளகாதான். இந்தத் தோணியில இருந்து ரெண்டு கை அள்ளி முடிஞ்சுக்கிட்டுப் போவேன்."

"என்ன சொன்னா?"

"அழுதா. காரம்னு சொன்னா."

"தேதி எப்ப?"

"வெள்ளிக்கிழம."

அதற்குப் பிறகு அவர் வலித்த வலிப்பை வலிப்பு என்று சொல்ல முடியாது. உடைமரங்களும் கரையோரத்துக் கோயில் குதிரைகளும் செங்கல் சூளைகளும் பின்னால் ஓடின, தூங்குகிறவர்களை எழுப்பிக்கொண்டே இருந்தார், இன்னும் எத்தனை வளைவு, இன்னும் எத்தனை வளைவு என்று தலையாரியை நச்சரித்தார், வழியில் எந்த ஊர் கூப்பிட்டும் தலையைத் திருப்பவில்லை. ஓரிடத்தில் கல்யாண வீட்டார் கை நனைக்காமல் போகக்கூடாது என்று இலையோடு ஆற்றுக்குள் வந்தார்கள், ஓடுகிற தோணியில் பந்தி வைத்தார்கள், நாங்கள் மூன்று பேரும் வலித்துக்கொண்டே பாயசம் குடித்தோம், அவர் தொடவில்லை. தலைப்பிரசவத்துக்கு வலி எடுத்துத் தனியாகக் கிடந்த என் பழைய ஞாபகம் வந்து, நானும் அவரோடு சேர்ந்து வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை உச்சிவேளையில், கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத ஒரு வளைவில், இருநூறு செம்மறி ஆடுகள் மணலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன, அவற்றின் நிழலில் ஒரு கீதாரி துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தான். ஆடுகளை மாதக்கணக்கில் ஊர் ஊராக ஓட்டிப்போகிறவனைத்தான் கீதாரி என்பார்கள். தண்ணீர் வாடை பட்டதும் ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கின. கத்தவில்லை, கத்த அதுகளுக்குத் தொண்டையில்லை.

இருளப்பண்ணன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, வேண்டாம்" என்றேன். "நாளைக்கு வெள்ளிக்கிழம."

"குடிக்கட்டும்."

இருநூறு ஆடும் குடித்தன. அவ்வளவு நேரமும் தோணி நின்றது, மணலும் தன் பங்குக்குக் குடித்தது. தலையாரி துடுப்பை விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதாமல் மூடிவைத்தார். இடுப்பளவு இருந்தது கெண்டைக்காலுக்கு வந்திருந்தது.

"பொம்பளைக ஒரு குடம் கேட்டதுக்குக் கத்துன, ஆட்டுக்கு நிறுத்துற. இது என்ன நியாயம் மாப்ள?" என்றார் ஜமால் பாய்.

"அதுகளுக்குக் கேக்கத் தெரியாதுல்ல."

கேட்கத் தெரிந்த மகள் இரண்டரை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடல் சத்தம் கேட்டது. மாதா கோயில் கோபுரம் தெரிந்தது, தெருவின் முதல் வீடாக நீலச் சுண்ணாம்பு அடித்த சுகப்பிரியாவின் வீடு தெரிந்தது, அப்போது தோணி அடியில் மணல் கரகரவென்று உரசி நின்றுவிட்டது. பாதம் நனையாத தண்ணீர்தான் மிச்சம். தலையாரி கண்ணாலேயே அளந்து, காலடிக் கணக்கில் வீடுவரை முந்நூற்றுப் பத்து எட்டு இருக்கும் என்றார்.

மணலில் தோணி நிற்பது அந்தத் தெருவுக்குத் தினமும் பார்க்கிற காட்சி. நாலைந்து ஆட்கள் கயிற்றோடு வந்து, "கரையேத்தணுமா? பிடிச்சு இழுத்துறவா?" என்று கேட்டார்கள்.

"தொடாதீக" என்றார் இருளப்பண்ணன். "மணல்ல இழுத்தா அது தண்ணியில வந்ததாகாது."

"அப்ப இறங்கி நட" என்றார் ஜமால் பாய். மூன்று நாள் பொறுத்த மனுஷன், குரல் உயர்ந்துவிட்டது. "இம்புட்டு தூரம் வந்துட்டு முந்நூறு எட்டுக்குச் சத்தியமாய்யா பாப்ப? கால் போனாப் போகுது, நான் வண்டி செஞ்சு தாரேன்."

"என் காலு போனா போகட்டும் மச்சான். சத்தியத்துக்குக் கண்ணா இருக்கு, யார் காலுன்னு பாத்துப் பிடிக்க? உள்ள கிடந்து உதைக்கிற காலைப் பிடிச்சிருச்சுன்னா?"

மூன்று நாளாக அவரைத் துரத்தியது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. ஊர்க்காரர்களும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோல் நின்றார்கள். சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும் என்ற பயம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் பொது.

யார் போய்ச் சொன்னார்களோ, நீலவீட்டுக் கதவு திறந்தது. சுகப்பிரியா வந்தாள். ரெக்ஸன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூட்டிவரப் போயிருந்தான். அவள் வயிறு ஒரு பக்கம், இடுப்பில் நிறைகுடம் ஒரு பக்கம், மணலில் கால் புதையப் புதைய நடந்துவந்தாள். சங்குமுனைக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர், வீட்டுக்கு மூன்று குடம், அதுதான் எல்லாவற்றுக்கும். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோணியின் மூக்குக்குக் கீழே குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் எங்கும் ஓடாமல் தோணிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது, தோணி ஒரு பாகம் முன்னால் நகர்ந்து நின்றது.

"இன்னும் எத்தனை எட்டு?" என்று கேட்டாள்.

"முந்நூத்தி எட்டு தாயி" என்றார் தலையாரி.

அவள் வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தாள்.

"அவள விடாதீக. அடுத்ததத் தூக்க விடாதீக" என்று இருளப்பண்ணன் எங்களைப் பார்த்துத் தவித்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம், ஆனாலும் தோணியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கும் கோபம் இருந்தது.

இரண்டாவது குடம் வந்தது. இந்தத் தடவை வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சுகா, தூக்காத." இரண்டரை வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"சத்தியம் பண்ணுனவுகளுக்குத் தண்ணி வேணும்ல" என்றாள், கவிழ்த்தாள், தோணி ஒரு பாகம் நகர்ந்தது, திரும்பிப் போனாள்.

மூன்றாவது குடம் வீட்டின் குடிதண்ணீர். அதை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தவள், குடத்தை மணலில் இறக்கிவைத்துவிட்டு இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, திரும்பவும் குடத்தைத் தூக்கக் கையை நீட்டினாள்.

இருளப்பண்ணன் எப்போது இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் முதுகு இல்லை, அவ்வளவுதான். அவர் மணலில் ஓடிக்கொண்டிருந்தார், விழுந்து எழுந்து ஓடினார், போய் அவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு அடியில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு பெருமூச்சுவிட்டு மணலுக்குள் போனது. நாங்கள் மூன்று பேரும் துடுப்பைப் பிடித்தபடி, ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்ததுபோல, வெறும் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

அவர்கள் மெதுவாக நடந்தார்கள். நான் இறங்கி ஓடிப்போய் அவளை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார், தன் காலைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார்.

"பஸ்ஸு இருக்குப்பா" என்றாள் அவள். "காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு."

"தெரியும்த்தா. அந்த ஏழு மணி பஸ்ஸு போறதப் பாத்துட்டுத்தான் தினமும் ஆட்டைப் பத்துவேன்."

அவள் அவர் தோளில் இருந்த குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார், நானும் அழுதேன், தெருவே நின்று பார்த்தது. பிறகு அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

குழந்தை அன்று மதியம் பிறந்தது. பெண். பிறந்ததும் அழவில்லை, மூன்று தடவை தும்மியது, பிறகுதான் அழுதது. நர்ஸம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இருளப்பண்ணன் துணியை விலக்கி இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், பத்து விரலையும் தொட்டுப் பார்த்தார், அது அவர் மூக்கில் ஓர் உதை விட்டது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பக் கிளம்பினோம், அவரும் பையோடு வந்தார். தெரு முனைவரை நன்றாக நடந்தவர், பஸ் ஸ்டாப் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நின்றுவிட்டார். "மாரி, காலு வர மாட்டேங்குது" என்றார். தள்ளிப் பார்த்தோம், ஜமால் பாய் குனிந்து பாதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கூடப் பார்த்தார், எடுத்து வைத்த பாதம் திரும்பிப் பின்னாலேயே போனது. வீட்டுப் பக்கம் திரும்பினால் விறுவிறுவென்று நடந்தார். கடற்கரைக்கு, ஆஸ்பத்திரிக்கு, லாரித் தண்ணீர் வரிசைக்கு, எங்கே வேண்டுமானாலும் கால் வந்தது, ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு மட்டும் விளங்கவில்லை. டாக்டர் ஊசி எதுவும் போடவில்லை. தலையாரி நோட்டை எடுத்து, சத்தியம் பலித்தது என்று எழுதித் தேதி போட்டார். தோணி அந்த மணலிலேயே கிடக்க, நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம், இரண்டு மணி நேரம்.

அடுத்த தடவை நான் போனபோது ஜமால் பாய் சொன்னபடி இருளப்பண்ணன் ஆடுகளில் நாலைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன், அய்யாத்துரை முனகிக்கொண்டே இடம் ஒதுக்கினான். மடியில் இரண்டு கை மிளகாயும் இருந்தது. நீலவீட்டுப் பின்பக்கம் வெயிலில் இருளப்பண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார், காலை நீட்டி. நீட்டிய கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீரை அளவாக ஊற்றி ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தாய் இல்லாத பெண்ணுக்கு இந்த வேலையை யார் செய்வது என்று அவரே பழகிக்கொண்டாராம்.

"காலு எப்படிண்ணே இருக்கு?" என்றேன்.

"விளங்கல மாரி" என்றார், குழந்தையின் முதுகைத் தேய்த்தபடி. இரண்டரை வருஷம் ஓர் இடத்தில் நிற்காத அந்தக் கால்கள், தண்ணீர் வழிய வழிய, அசையாமல் நீண்டு கிடந்தன.